உலகச் சூடும் உழவன் சோறும்

உலகம் சூடேறிக்கொண்டு வருகிறது என்பதை இன்று யாரும் மறுப்பதற்கில்லை. 1850-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட காலத்தில் இருந்ததைவிட, 2011 முதல் 2020 வரையான பத்தாண்டுகளில் பூமியின் சராசரி உஷ்ணம் 1.1 டிகிரி கூடிவிட்டது என்று உலக விஞ்ஞானிகள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். பாலாற்று மணலில் சித்திரை மாதத்தில் செருப்பில்லாமல் நடக்கிற வாணியம்பாடிக்காரனுக்குச் சூடு என்றால் என்ன என்று எவரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால், இந்தச் சூட்டுக்குக் காரணம் யார் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

கலி முற்றிவிட்டது, தெய்வக் குற்றம் நேர்ந்துவிட்டது என்று சொல்லுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அதை நாம் அறிவோம். 2019-ஆம் ஆண்டு சென்னையில் குடிநீருக்கு ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, கோயில்களில் வருண ஜெபமும் யாகமும் செய்யும்படி அறநிலையத் துறையே சுற்றறிக்கை அனுப்பியது. ஆளுங்கட்சிக்காரர்களும் ஊர் ஊராக யாகம் வளர்த்தார்கள். மந்திரம் சொல்லி எரித்தாலும், சும்மா எரித்தாலும், நெய்யும் விறகும் எரிந்தால் வருவது கரியமில வாயுதான். சூட்டைத் தணிக்கச் சூட்டுக்குக் காரணமான வாயுவையே உண்டாக்குகிற புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்லுவது! மழைக்காகத் தொழுகை நடத்துகிறவர்களுக்கும், ஜெபக் கூட்டம் போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். கடலும் காற்றும் காடும் செய்கிற காரியத்தை வேண்டுதல் செய்யாது.

நிற்க. இன்று நாம் எழுத வந்தது இந்தப் பழைய புரட்டைப் பற்றி அல்ல. படித்தவர்கள் நம்புகிற ஒரு புதிய சாஸ்திரம் இருக்கிறது. அதற்குப் புள்ளிவிவரம் என்று பெயர். வேதத்தில் சொல்லியிருக்கிறது என்றால் ஏன் என்று கேட்கத் துணிந்த தோழர்கள்கூட, புள்ளிவிவரத்தில் சொல்லியிருக்கிறது என்றால் வாயை மூடிக்கொள்ளுகிறார்கள். அதனால் வந்த கேட்டுக்கு ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்லுகிறோம்.

நெல் வயலின் மேல் வந்த பழி

தண்ணீர் கட்டிய நெல் வயலின் சேற்றுக்குள் காற்று புகாது. பிராணவாயு இல்லாத அந்தச் சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள், மட்கிய தழையையும் வேரையும் தின்று மீதேன் என்ற வாயுவை விடுகின்றன. குட்டையைக் கோலால் கிளறினால் குமிழி குமிழியாக வருகிறதே, அதிலும் இந்த வாயு உண்டு. வயலில் இதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டில் உள்ள காற்றுக் குழல் வழியாக மேலே வந்து ஆகாயத்தில் சேருகிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீதேன் சுமார் 28 டன் கரியமில வாயு செய்கிற கெடுதலைச் செய்யும். கோதுமை, மக்காச்சோளம், கேழ்வரகு ஆகியவை நிற்கும் கொல்லையில் தண்ணீர் தேங்கி நிற்பதில்லையாதலால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. இவ்வளவும் உண்மை. இதில் நமக்கு ஒரு தகராறும் இல்லை.

தகராறு கணக்கில் வந்தது. 1990-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா, இந்திய நெல் வயல்கள் மட்டும் வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீதேன் விடுகின்றன என்று ஒரு கணக்குச் சொல்லிற்று. அதே 1990-இல் அமெரிக்காவில் உள்ள உலக வளங்கள் நிறுவனம் என்ற ஸ்தாபனம், உலகைச் சூடேற்றுகிற முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று பட்டியல் போட்டது. மோட்டார் காரும் ஆகாய விமானமும் குளிர்சாதனப் பெட்டியும் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிற நாட்டான், ஒரு வேளைச் சோற்றுக்காகச் சேற்றில் குனிந்து நாற்று நடுகிற பெண்ணைப் பார்த்து, உலகம் உன்னால்தான் கெடுகிறது என்று சொல்லுவதற்கு ஒரு காகிதம் கிடைத்துவிட்டது.

சாஸ்திரத்துக்குக் கேட்ட கேள்வியே இதற்கும்

சாஸ்திரக்காரனிடம் நாம் என்ன கேட்கிறோம்? இதை யார் எழுதினான், எங்கே எழுதினான், எதைப் பார்த்து எழுதினான், இதனால் யாருக்கு லாபம் என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியையே இந்தக் கணக்குக்கும் கேட்டவர்கள் இருந்தார்கள். டில்லியில் உள்ள விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டு, ஏழை பிழைப்பதற்காக விடுகிற வாயுவையும் பணக்காரன் சுகபோகத்துக்காக விடுகிற வாயுவையும் ஒரே தராசில் போட்டு நிறுப்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள்.

அது நியாயக் கேள்வி. அதோடு நின்றிருந்தால், அவன் ஒன்று சொன்னான், நாம் ஒன்று சொன்னோம் என்று வாய்ச்சண்டையாகப் போயிருக்கும். ஆனால் அதே 1991-இல், டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானி ஏ. பி. மித்ரா முதலானவர்கள் செய்த காரியம்தான் பகுத்தறிவுக்கு இலக்கணம். அவர்கள் கோபப்படவில்லை; மேடை போடவில்லை; அளந்து பார்த்தார்கள். நாட்டில் நெல் விளையும் பல பகுதிகளில் வயலில் இறங்கி, நிற்கும் பயிரின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடி, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அதற்குள்ளிருந்து ஊசிக்குழலால் காற்றை உறிஞ்சி, அதில் மீதேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கருவியில் சோதித்தார்கள். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. பெட்டி, ஊசிக்குழல், கடிகாரம், கருவி, பொறுமை, இவ்வளவுதான்.

விளைவு என்ன? வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் டன் என்று வந்தது. அமெரிக்கக் காகிதம் சொன்னதில் ஒன்பதில் ஒரு பங்குக்கு அருகில்! ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், அந்தக் காகிதத்துக்கு ஆதாரமாக இருந்தவை நம் வயல்கள் அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள சில வயல்கள். அங்கே தண்ணீர் இடைவிடாமல் நிற்கிறது; மண்ணில் மட்கும் சத்தும் அதிகம். நம் நாட்டிலோ வானம் பார்த்த நெல் வயல்கள் அநேகம். தண்ணீர் கட்டும் வயலும் இடையிடையே காய்ந்து போகிறது. மண்ணும் சத்துக் குறைந்த மண். அந்த வயலில் கண்டதை இந்த வயலின் பரப்பால் பெருக்கி விடை எழுதிவிட்டார்கள். ஓர் ஊரில் ஒருவனுக்கு வந்த காய்ச்சலைப் பார்த்து, இன்னொரு ஊரில் எல்லோருக்கும் கஷாயம் ஊற்றுகிற வைத்தியனை நாம் என்னவென்று சொல்லுவோம்? உலக விஞ்ஞானிகள் சபையே 1990-இல் உலகத்து நெல் வயல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன 11 கோடி டன் என்ற தொகையை 1992-இல் 6 கோடி டன்னாகக் குறைத்துக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விஞ்ஞானி தவறு செய்வதில்லை என்று நாம் சொல்லவில்லை. தவறு செய்தான், தவறென்று காட்டியதும் திருத்திக்கொண்டான். மனுதர்மத்தில் ஒரு சுலோகத்தையாவது இப்படித் திருத்தியதுண்டா? அறிவுக்கும் மதத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எதனால் வகுக்கிறாய்?

இனி, இரண்டு நாட்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். நம் சர்க்கார் 2007-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கின்படி, நம் நெல் வயல்கள் விட்ட மீதேன் சுமார் 33 லட்சம் டன். உரம் போட்ட விளைநிலங்கள் விட்ட நைட்ரஸ் ஆக்ஸைடு சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் டன். இந்த இரண்டாவது வாயு, யூரியா முதலிய தழைச்சத்து உரங்களில் பயிர் உண்டதுபோக மிஞ்சியதிலிருந்து உண்டாவது. ஒரு டன் 270 டன் கரியமில வாயுவுக்குச் சமம். இரண்டையும் கரியமில வாயுக் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 13 கோடி டன்.

அமெரிக்காவில் நெல் பயிராவது சுமார் 10 லட்சம் எக்டரில்தான். நம் நாட்டில் நான்கு கோடி எக்டருக்கு மேல். ஆகவே அங்கே நெல் வயல் மீதேன் குறைவுதான். ஆனால் மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் கொட்டுகிற உரம் லேசானதா? அந்நாட்டுச் சர்க்கார் சமீப வருஷங்களில் போட்ட கணக்குகளிலேயே, விவசாய மண்ணிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்ஸைடு மட்டும் சுமார் 29 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று இருக்கிறது. இதைத் தலைக்கு வகுத்தால் நம் நாட்டில் ஒரு ஆளுக்குச் சுமார் 110 கிலோ. அமெரிக்காவில் 850 கிலோவுக்கு மேல். வருஷங்கள் வேறு, அளந்த முறைகள் வேறு, அவர்கள் கணக்கில் மேய்ச்சல் நிலமும் சேர்ந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், சேற்றில் நிற்கிறவன்தான் பெரிய குற்றவாளி என்ற வழக்கு நிற்குமா என்று நீங்களே யோசியுங்கள்.

அன்றியும், அந்த மக்காச்சோளம் எங்கே போகிறது? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாராயமாக வடித்து மோட்டார் எண்ணெயில் கலக்கப்படுகிறது. இன்னொரு பெரும்பங்கு மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீனி. நம் நெல்லோ பெரும்பாலும் நேராக மனிதன் வயிற்றுக்குப் போகிறது. வயிற்றுக்குப் போகிற தானியத்தையும் வண்டிக்குப் போகிற தானியத்தையும் ஒரே பெயரில் எழுதுவது எப்படிச் சரியாகும்?

இதற்காக அமெரிக்க விவசாயியைத் திட்டி நாம் திருப்தி அடையக் கூடாது. ஒரு கிலோ தானியத்துக்கு எவ்வளவு வாயு என்று வகுத்தால், நெல்தான் தானியங்களில் முன்னே நிற்கும். மக்காச்சோளம் பின்னே போய்விடும். ஏக்கரால் வகுத்தால் ஒரு விடை, கிலோவால் வகுத்தால் ஒரு விடை, தலையால் வகுத்தால் ஒரு விடை, தேசத்தால் வகுத்தால் வேறொரு விடை. ஒவ்வொருவனும் தனக்குச் சாதகமானதால் வகுத்துக்கொள்ளுகிறான். ஆகவே, எவன் எந்தத் தொகையைக் கொண்டுவந்து நீட்டினாலும், ஐயா, இதை எதனால் வகுத்தீர் என்று முதலில் கேளுங்கள்.

வாணியம்பாடிக்காரர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் கடல் தாண்டிப் போய்ச் சீமைக்காரன் காலில் பூட்ஸாக நடக்கிறது. தோல் போய்விட்டது; உப்பும் குரோமியமும் இங்கே தங்கிவிட்டன. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகி, அவ்வளவும் கழிவு நீராக வெளியே வருகிறது என்றும், இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 எக்டர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாயிற்று என்றும், சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தந்த தீர்ப்பில் எழுதியிருக்கிறது. நெல் விளைந்த பூமி அது. இந்தப் பாழைப் பூட்ஸ் போட்டவன் கணக்கில் எழுதுவதா, பதனிட்டவன் கணக்கில் எழுதுவதா, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் குடித்தவன் கணக்கில் எழுதுவதா? இதுவரை அனுபவித்தவன் கடைசி ஆள்தான். கணக்கு எழுதத் தெரிந்தவன் தப்பித்துக்கொள்வதும், தெரியாதவன் தலையில் அது விடிவதும் தோலுக்கும் நெல்லுக்கும் ஒன்றுபோலவே நடக்கிறது.

நம் பக்கத்துக் கணக்கு

இனி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியது உண்டு. 1991-இல் அளந்து ஜெயித்ததும், பார்த்தீர்களா, பாரதத்தின் பெருமையை, நம் முன்னோர் வகுத்த விவசாயமே உத்தமமானது என்று சிலர் பஜனை பாட ஆரம்பித்துவிட்டார்கள். இது முதல் புரட்டுக்கு இளைத்த புரட்டல்ல. பழி ஒன்பது மடங்கு பொய் என்றால், மிச்சம் ஒரு மடங்கு மெய் என்றுதானே அர்த்தம்? 33 லட்சம் டன் என்பது சும்மா இல்லை. வெயில் ஏறினால் குளிர் அறையில் இருப்பவன் சாகப் போவதில்லை. அதே சேற்றில் நிற்கிறவனும், தோல் ஷெட்டில் வேகிறவனுந்தான் சாகப் போகிறான். ஆகவே குறைக்க முடிந்ததைக் குறைப்பது அமெரிக்காவுக்குச் செய்யும் உபகாரமல்ல. நமக்கே நாம் செய்துகொள்வது.

குறைக்க முடியுமா? முடியும். நம் உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று ஒரு வார்த்தை சொல்லுவார்கள். வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், கட்டிய தண்ணீர் வற்றி மண் சற்றுக் காய்ந்த பிறகு மறுபடி கட்டுவது. காற்றுப் புகுந்ததும் மீதேன் விடுகிற நுண்ணுயிர்களின் வேலை நின்றுபோகிறது. இப்படிச் செய்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையில் மீதேன் குறைகிறது என்று பல நாடுகளில் பெட்டி வைத்து அளந்திருக்கிறார்கள். துளையிட்ட ஒரு குழாயை வயலில் பதித்து, அதற்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் பாய்ச்சினால் விளைச்சலுக்கும் குறைவில்லை. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிற இந்தச் சீமையில், கிணற்றுத் தண்ணீர் மிச்சமாவதே பெரிய லாபம்.

முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. அளந்தபோது நின்றது என்பதற்காகவே ஒப்புக்கொள்ளுகிறோம். இதிலும் குறை இல்லாமல் இல்லை. வயல் காய்ந்தால் களை கூடும். களை எடுக்கிறவர்கள் பெண்கள். அவர்கள் கூலியை யார் தருவது? காய்ந்த வயலில் யூரியாவை அள்ளிக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்ஸைடு கூடும். ஒரு கையால் மிச்சம் பிடித்ததை இன்னொரு கையால் இறைத்தது போலாகும். உரத்தை அளந்து போடவும், களைக் கூலிக்கு உதவவும் சர்க்கார் ஏற்பாடு செய்யாமல், உழவனே எல்லாவற்றையும் சுமக்கட்டும் என்றால் அது பேச்சளவில்தான் நிற்கும்.

இதற்குப் பணம் தருகிறோம் என்று இப்போது சில கம்பெனிகள் வருகின்றன. நீ மீதேனைக் குறை, அதற்கு நாங்கள் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்கிறோம், அந்தச் சீட்டைக் காட்டி எங்கள் புகையை நாங்கள் விட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். பாவம் செய்தவன் பசுவைத் தானம் கொடுத்து மோட்சத்துக்குப் போகிற கதைக்கும், பாதிரி விற்ற பாவமன்னிப்புச் சீட்டுக்கும், இதற்கும் என்ன வித்தியாசம்? சீனாவில் நெல் வயல்களின் பேரால் இப்படி எழுதப்பட்ட 37 திட்டங்களை, பதிந்துகொண்ட வெர்ரா என்ற ஸ்தாபனமே 2024-இல் ஒழுங்கில்லை என்று தள்ளிவிட்டது. உழவனுக்குப் பணம் வருவதை நாம் தடுக்கவில்லை. அளக்காமல் எழுதிய சீட்டில் கைநாட்டு வைக்காதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

சோற்றில் வைத்த ஜாதி

கடைசியாக ஒன்று. மனிதனுக்கு ஜாதி வைத்தவன் சோற்றுக்கும் ஜாதி வைத்தான். நெல்லுச்சோறு உயர்ந்தது, கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சாமைச் சோறும் தாழ்ந்தவை என்றான். சுவாமிக்குப் படைக்க அரிசி. கொல்லையில் வேலை செய்தவனுக்குக் கூழ். ஆகவே, பாடுபட்டவனுக்கு நாலு காசு வந்ததும், இனி நானும் நெல்லுச்சோறு தின்பேன் என்று அவன் சொன்னது மானத்தின் குரல். அதை நாம் குறை சொல்ல மாட்டோம். ரேஷன் கடையில் 2011 முதல் விலையில்லாமல் வந்த அரிசி எத்தனையோ வீட்டில் பட்டினியை ஓட்டியது. உலகச் சூட்டைக் காட்டி, ஏழை இனி அரிசி தின்னக் கூடாது என்று எவனாவது உபதேசம் செய்ய வந்தால், அவன் தட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் எட்டிப் பாருங்கள்.

ஆனால் கேழ்வரகும் சாமையும் தாழ்ந்தவை என்ற எண்ணம் மட்டும் ஏன் நம் தலையில் இன்னும் இருக்க வேண்டும்? அவை நிற்கும் கொல்லையில் தண்ணீர் தேங்குவதில்லை, மீதேன் இல்லை, உரமும் கொஞ்சம், நம் மேட்டு நிலத்துக்கும் பொருந்தும். ஜவ்வாது மலைக்காரன் சாமை விதைத்தபோது அவனைக் காட்டான் என்றார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று சொன்னதும், அதே சாமை பட்டணத்துக் கடையில் வர்ணக் காகிதப் பையில் ஏறி, அரிசியைவிட அதிக விலைக்குப் போகிறது. விதைத்தவனுக்கு மரியாதை வந்ததா? அதே 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். அதைத் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் நல்ல விலை கொடுத்து இங்கேயே வாங்கித் தரும்படி கேட்பதில் என்ன தவறு? வேண்டுகிறவன் வாங்கட்டும், கட்டாயம் வேண்டாம். கேழ்வரகு தின்பவன் கீழ்ஜாதி என்ற நினைப்பை மட்டும் கட்டாயம் ஒழிக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே! யாகம் செய்தால் சூடு தணியும் என்கிறவனை நம்பாதீர்கள். ஏழையின் வயல்தான் உலகத்தை எரிக்கிறது என்கிறவனையும் நம்பாதீர்கள். நம் நாட்டு வயலில் குற்றமே இல்லை என்று தேசபக்தி பேசுகிறவனையும் நம்பாதீர்கள். நாம் எழுதிய இந்தத் தொகைகளையும் நாம் எழுதினோம் என்பதற்காக நம்ப வேண்டாம். யார் அளந்தது, எங்கே அளந்தது, எதனால் வகுத்தது, யாருக்கு லாபம் என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல முடிந்ததை எடுத்துக்கொண்டு, முடியாததைத் தள்ளிவிட்டு, உங்கள் வயலில் ஒரு குழாயைப் பதித்துப் பாருங்கள்.